ஒரு வானொலி, ஐந்து ஒலிபெருக்கிகள்: வீட்டில் ஒலிக்கம்பி பூட்டுவதும் சோதிப்பதும்

மாலையில் வேலை முடிந்து வீடு திரும்பியதும் வானொலியைத் திருப்பிவிடுவது தோட்டப்புறக் குடும்பங்களின் நெடுநாளைய பழக்கம். செய்தி, பாட்டு, நாடகம் ஆகிய அனைத்தையும் வானொலி வழியாகவே கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. கைத்தொலைபேசியும் தொலைக்காட்சியும் எத்தனை வந்தபோதிலும், காலையில் அடுப்படியில் வானொலி ஒலிக்காவிட்டால் பொழுது விடிந்ததாகவே எண்ணாத தாய்மார்கள் பலர்.

ஆனால் வானொலி ஒன்று, அறைகள் பல. முன்கூடத்தில் வைத்த பெட்டியின் ஒலி அடுப்படிக்கு எட்டுவதில்லை. பின்னறையில் படுத்திருக்கும் முதியவருக்கோ காதும் சற்று மந்தம். எனவே ஒலியைக் கூட்டுகிறோம். உடனே பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை முகம் சுளிக்கிறது. இரவு வேலை முடிந்து பகலில் உறங்கும் அடுத்த வீட்டுக்காரர் விழித்துக்கொள்கிறார். ஒலியைக் குறைத்தால் முதியவர் தனித்து விடப்படுகிறார். அவரவர் அறையில் சிறு ஒலிபெருக்கி ஒன்றைப் பொருத்தி, அவரவர் தேவைக்கேற்ப ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் வழிசெய்தால் இந்தச் சங்கடம் தீரும்.

இது புதிய எண்ணமன்று. சிங்கப்பூரில் 1949ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ரீடிஃபியூஷன் சேவை, ஒரே நிலையத்திலிருந்து கம்பி வழியாகவே வீடுதோறும் ஒலியை அனுப்பியது. கோலாலம்பூரிலும் அச்சேவை நடந்தது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் சமூக வானொலிப் பெட்டிகள் வைக்கப்பட்டு, ஊரார் கூடி நின்று செய்தி கேட்டதை முதியோர் அறிவர். அன்று ஊருக்குச் செய்ததை இன்று ஒரு வீட்டுக்குள் செய்துகொள்ளலாம். கம்பியில்லா ஒலிபெருக்கிகளும் இன்று கடைகளில் கிடைக்கின்றன. எனினும் இணைய வசதி குறைந்த இடங்களில், ஒருமுறை சரியாகப் பூட்டிய கம்பியே பல ஆண்டுகள் தொல்லையின்றி உழைக்கும்.

சரியாகப் பூட்டாவிட்டால் என்ன நேரும் என்பதையும் சொல்ல வேண்டும். இக்கட்டுரையாளர் நேரில் கண்ட இரண்டு நிகழ்ச்சிகள் இக்கட்டுரைக்குக் காரணமாயின.

இரண்டு பாடங்கள்

தீபாவளிக்கு முந்திய நாள் ஓர் உறவினர் வீட்டில் ஐந்து ஒலிபெருக்கிகளை ஓர் இளைஞர் பூட்டினார். சிவப்புக் கம்பிகளை ஒன்றாகவும் கறுப்புக் கம்பிகளை ஒன்றாகவும் முறுக்கி, ஆம்ப்ளிபையரின் ஒரே முனையில் சொருகினார். பாட்டு நன்றாகவே கேட்டது. ஒரு மணி நேரத்தில் கருகிய வாடை எழுந்தது. இரவல் வாங்கி வந்த ஆம்ப்ளிபையர் பயனற்றுப்போயிற்று. பெருநாள் செலவுக்கு வைத்திருந்த பணம் அதற்கு ஈடாயிற்று.

இரண்டாவது நிகழ்ச்சி அதைவிடக் கொடியது. வேறொரு வீட்டில், கழற்றவும் மாட்டவும் எளிதாக இருக்கட்டும் என்று ஒலிபெருக்கிக் கம்பியின் நுனியில் சாதாரண மூன்றுமுனைப் பிளக்கைப் பூட்டியிருந்தனர். விளையாடிய குழந்தை அந்தப் பிளக்கை எடுத்து, சுவரிலிருந்த மின்சாரச் சாக்கெட்டில் சொருகிவிட்டது. ஒலிபெருக்கி வெடித்துப் புகைந்தது. குழந்தையின் கை கம்பியின் திறந்த பகுதியில் படாமல் இருந்தது அக்குடும்பத்தின் நற்பேறு.

முதல் தவறு கணக்குத் தெரியாததால் நேர்ந்தது. இரண்டாவது, எச்சரிக்கையின்மையால் நேர்ந்தது. இரண்டையும் தவிர்க்கும் வழியை இனிக் காண்போம்.

ஓம் கணக்கு

ஒவ்வோர் ஒலிபெருக்கியின் பின்புறத்திலும் 4 ஓம், 6 ஓம் அல்லது 8 ஓம் என்று எழுதியிருக்கும். ஆம்ப்ளிபையர் அனுப்பும் மின்னோட்டத்தை அந்த ஒலிபெருக்கி எவ்வளவு தடுக்கிறது என்பதற்கு அது அளவு. எண் குறையக் குறைய, ஆம்ப்ளிபையரிலிருந்து இழுக்கப்படும் மின்னோட்டம் கூடும். ஆம்ப்ளிபையரின் பின்புறத்தில் அது தாங்கக்கூடிய மிகக் குறைந்த ஓம் எழுதியிருக்கும். வீட்டில் பயன்படும் பெரும்பாலான கருவிகளுக்கு அது 4 ஓம் ஆகும். அதற்குக் கீழே போகலாகாது.

ஒலிபெருக்கிகளை இரு வகையில் சேர்க்கலாம். எல்லாச் சிவப்பு முனைகளையும் ஒன்றாகவும், எல்லாக் கறுப்பு முனைகளையும் ஒன்றாகவும் சேர்ப்பது பக்க இணைப்பு. இதில் ஓம் குறையும். 8 ஓம் ஒலிபெருக்கிகள் இரண்டைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 4 ஓம். நான்கைச் சேர்த்தால் 2 ஓம். ஐந்தைச் சேர்த்தால் 1.6 ஓம். தீபாவளி வீட்டில் ஆம்ப்ளிபையர் கருகிய காரணம் இப்போது விளங்கும். 4 ஓமுக்குக் குறையாமல் தாங்கக்கூடிய கருவியின் மீது 1.6 ஓம் சுமையை ஏற்றிவிட்டனர்.

முதல் ஒலிபெருக்கியின் கறுப்பு முனையை அடுத்ததன் சிவப்பு முனையோடு இணைத்து, மாலை கோப்பது போல் கோப்பது தொடர் இணைப்பு. இதில் ஓம் கூடும். இரண்டு 8 ஓம் சேர்ந்தால் 16 ஓம். ஆம்ப்ளிபையருக்கு ஆபத்தில்லை, ஆனால் ஒலி குறையும். ஒரு கம்பி அறுந்தால் கோவையிலுள்ள அனைத்தும் மௌனமாகிவிடும். இரண்டிரண்டாகத் தொடரில் கோத்து, அந்த இரு கோவைகளையும் பக்க இணைப்பில் சேர்த்தால் நான்கு ஒலிபெருக்கிகளுக்கும் மொத்தம் 8 ஓமே வரும். நான்கும் ஒரே வகையாயிருந்து, எப்போதும் ஒன்றாகவே ஒலிக்க வேண்டுமென்றால் இது நல்ல முறை. ஆனால் அறைக்கு அறை ஒலியை மாற்ற விரும்பினால் இம்முறை போதாது.

100 வோல்ட்டுக் கம்பி முறை

பள்ளிகளிலும் ஆலய மண்டபங்களிலும் பல ஒலிபெருக்கிகளை ஒரே கம்பியில் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுள் பெரும்பாலானவை 100 வோல்ட்டு முறையில் இயங்குகின்றன. மின்நிலையத்திலிருந்து வரும் மின்சாரம் உயர்ந்த வோல்ட்டில் நெடுந்தொலைவு பயணம் செய்து, ஊருக்கு வந்ததும் மின்மாற்றியால் குறைக்கப்படுவது போன்றதே இதுவும். ஆம்ப்ளிபையர் ஒலி மின்சாரத்தை உயர்ந்த வோல்ட்டில் அனுப்புகிறது. ஒவ்வோர் ஒலிபெருக்கியின் உள்ளேயும் இருக்கும் சிறு மின்மாற்றி அதைக் குறைத்துத் தருகிறது.

இம்முறையில் ஓம் கணக்குப் போட வேண்டியதில்லை. வாட் கணக்கே போதும். மின்மாற்றியில் 6 வாட், 3 வாட், 1.5 வாட் என்று பல முனைகள் இருக்கும். எந்த முனையில் கம்பியை மாட்டுகிறோமோ அந்த அளவு ஆற்றலை அந்த ஒலிபெருக்கி எடுத்துக்கொள்ளும். எல்லாவற்றின் கூட்டுத்தொகையும் ஆம்ப்ளிபையரின் வாட் அளவில் நூற்றுக்கு 80 பங்கைத் தாண்டாதிருத்தல் நல்லது.

எடுத்துக்காட்டாக ஒரு வீட்டைக் கொள்வோம். ஆம்ப்ளிபையர் 40 வாட். முன்கூடத்தில் இரண்டு ஒலிபெருக்கிகள், ஒவ்வொன்றும் 6 வாட். அடுப்படியில் 3 வாட். பாட்டியின் அறையில் 3 வாட். பிள்ளைகள் படிக்கும் அறையில் 1.5 வாட். மொத்தம் 19.5 வாட். 40 வாட்டில் நூற்றுக்கு 80 பங்கு 32 வாட். எனவே இன்னும் 12.5 வாட் மிச்சம் இருக்கிறது. பின்னர் வாசல் திண்ணைக்கு 6 வாட்டில் ஒன்று சேர்த்தாலும் கவலையில்லை.

அறைச் சுவரில் ஒலியைக் குறைக்கும் திருகு வேண்டுமானால், 100 வோல்ட்டு முறைக்கென்றே செய்யப்பட்டதைக் கேட்டு வாங்க வேண்டும். அது தாங்கும் வாட், அந்த அறையின் ஒலிபெருக்கி எடுக்கும் வாட்டுக்குக் குறையாதிருத்தல் வேண்டும். பிள்ளை படிக்கும் வேளையில் தன் அறையின் ஒலியை முற்றும் நிறுத்திக்கொள்ளலாம்; பாட்டி அதே நேரத்தில் தம் அறையில் வேண்டிய அளவு கூட்டி வைத்துக்கொள்ளலாம். ஒருவர் திருகுவது மற்றவரின் ஒலியைப் பாதிக்காது.

இங்கு மூன்று எச்சரிக்கைகள். முதலாவது, ஆம்ப்ளிபையரின் பின்புறத்தில் 4 ஓம், 8 ஓம், 100 வோல்ட்டு என்று தனித்தனி முனைகள் இருக்கும். பொதுமுனையோடு அவற்றுள் ஒன்றை மட்டுமே ஒரு நேரத்தில் பயன்படுத்த வேண்டும். இரண்டாவது, மின்மாற்றி இல்லாத சாதாரண 8 ஓம் ஒலிபெருக்கியை 100 வோல்ட்டுக் கம்பியில் மாட்டினால், அது எரிந்துபோவதோடு ஆம்ப்ளிபையரும் கெடும். மூன்றாவது, முழு ஒலியில் இயங்கும்போது இக்கம்பியில் உண்மையாகவே 100 வோல்ட்டு வரை ஓடும். அது உடலைத் தாக்கவல்லது. எனவே ஒலிக்கும் வேளையில் கம்பியின் திறந்த முனையைத் தொடலாகாது. எல்லா இணைப்புகளும் மூடிய பெட்டிக்குள் இருத்தல் வேண்டும்.

கம்பியின் பருமன்

‘கம்பிதானே’ என்று மெல்லிய கம்பியை வாங்கிவிடுவோர் உண்டு. கம்பிக்கும் தடை உண்டு. ஒலி போகவும் வரவும் இரு கம்பிகள் வேண்டியிருப்பதால், 20 மீட்டர் தூரத்துக்கு 40 மீட்டர் செம்பின் தடையைக் கணக்கில் கொள்ள வேண்டும். அது 0.75 சதுர மில்லிமீட்டர் கம்பியில் ஏறத்தாழ 1 ஓம், 1.5 சதுர மில்லிமீட்டரில் ஏறத்தாழ அரை ஓம், 2.5 சதுர மில்லிமீட்டரில் ஏறத்தாழ 0.3 ஓம் ஆகும்.

8 ஓம் ஒலிபெருக்கிக்கு 1 ஓம் கம்பியைப் பூட்டினால், ஆற்றலில் ஒன்பதில் ஒரு பங்கு கம்பியைச் சூடாக்குவதிலேயே வீணாகும். கம்பியின் தடை ஒலிபெருக்கியின் ஓமில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேற்படாதிருப்பது நல்ல விதி. 8 ஓமுக்கு அது 0.4 ஓம். ஆகவே 20 மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி வேண்டும். 100 வோல்ட்டு முறையிலோ, 10 வாட் எடுக்கும் ஒலிபெருக்கி கம்பிக்கு 1,000 ஓம் போலத் தோன்றும். அங்கே 1 ஓம் இழப்பு ஒரு பொருட்டன்று. மெல்லிய கம்பியே போதும். அறைகள் பல உள்ள வீட்டுக்கு இம்முறை சிக்கனமாவதன் காரணம் இதுவே.

கடையில் வாங்கும்போது தூய செம்புதானா என்று கேட்டறிக. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பிகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றின் தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்கும். பலமுறை மடக்கினால் எளிதில் ஒடியும். நுனியைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெண்மை தெரியும்.

கம்பியைக் கொண்டுசெல்லும் வழி

ஒலிக்கம்பியையும் மின்சாரக் கம்பியையும் ஒரே குழாய்க்குள் செலுத்துதல் கூடவே கூடாது. மின்கம்பியின் உறை எலி கடித்தோ பழுதுபட்டோ விட்டால், வீட்டு மின்சாரம் ஒலிக்கம்பிக்குள் பாய்ந்து, பாட்டியின் அறைத் திருகு வரை வந்துவிடும். இரண்டுக்கும் இடையே 30 சென்டிமீட்டர் இடைவெளி விடுக. கடந்தே ஆகவேண்டிய இடத்தில் சிலுவைபோல் குறுக்காகக் கடக்கச் செய்க. நெடுந்தூரம் பக்கத்தில் பக்கமாக ஓடினால் ‘உம்’ என்ற இரைச்சலும் ஒலியில் கலக்கக்கூடும்.

தகரக் கூரையின் விளிம்பிலும் ஆணியின் மீதும் கம்பி உராயாதபடி பிளாஸ்டிக் குழாயில் செலுத்துக. கம்பிகளை அடுப்புக்கு மேலும், குளியலறையிலும் பூட்டற்க. ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்கு வெட்டவெளியில் கம்பி இழுப்பதையும் தவிர்க்க வேண்டும். நம் நாட்டில் இடியும் மின்னலும் மிகுதி. வெளியில் ஓடும் கம்பியில் மின்னலின் தாக்கம் ஏறினால், ஆம்ப்ளிபையரும் அதைத் தொட்டவரும் தப்புவது அரிது. இடி முழங்கத் தொடங்குமுன்பே ஆம்ப்ளிபையரின் பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து கழற்றி வைப்பது அனைவரும் பழகவேண்டிய வழக்கம்.

ஒலிக்கம்பியின் நுனியில் மூன்றுமுனைப் பிளக்கை ஒருபோதும் பூட்டக்கூடாது என்பதை மீண்டும் வலியுறுத்துகிறோம். ஒலிக்கம்பிக்கென்று திருகு முனைகளும் வேறு வடிவச் சொருகிகளும் விற்கின்றன. குழந்தை எங்கே சொருகினாலும் மின்சாரச் சாக்கெட்டில் நுழையாதவையாக அவை இருத்தல் வேண்டும்.

சோதிக்கும் முறை

கம்பி பூட்டி முடித்ததும் பாட்டைப் போட்டுப் பார்க்க ஆவல் எழும். பொறுத்தல் வேண்டும். சிறு மல்டிமீட்டர் ஒன்றும் 1.5 வோல்ட்டு டார்ச் மின்கலம் ஒன்றும் கையில் இருந்தால் அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் சோதித்துவிடலாம். ஆம்ப்ளிபையரின் பிளக்கு கழற்றியிருக்க, கம்பிகள் எதனோடும் சேராத நிலையில் தொடங்குக.

1. மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, அதன் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். அப்போது காட்டும் சிறு எண்ணைக் குறித்துக்கொண்டு, பின்வரும் அளவுகளிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.

2. ஓர் அறைக்குச் செல்லும் இரு கம்பிகளுக்கும் இடையே அளந்து பாருங்கள். மறுமுனை திறந்திருப்பதால் மின்னோட்டத்துக்கு வழியில்லை என்றே மீட்டர் காட்ட வேண்டும். ஏதேனும் எண் தெரிந்தால் நடுவழியில் உறை கிழிந்து கம்பிகள் ஒட்டியிருக்கின்றன என்று பொருள்.

3. மறுமுனையில் இரு கம்பிகளையும் முறுக்கிவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள். 20 மீட்டர் தூரத்து 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் அரை ஓம் அளவே காட்ட வேண்டும். மிகுதியாகக் காட்டினால் இடையில் ஒரு முறுக்கு தளர்ந்துள்ளது. ஒன்றுமே காட்டாவிட்டால் கம்பி அறுந்துள்ளது. சோதித்தபின் முறுக்கைப் பிரித்துவிட மறவாதீர்கள்.

4. ஒவ்வொரு கம்பிக்கும், அது செல்லும் வழியிலுள்ள தகரம், இரும்புக் குழாய் ஆகியவற்றுக்கும் இடையே அளந்து பாருங்கள். தொடர்பு சிறிதும் இருக்கலாகாது.

5. இனி ஒலிபெருக்கி. 8 ஓம் ஒலிபெருக்கியை அளந்தால் 6 முதல் 7 ஓம் வரை காட்டும். அது பழுதன்று. 8 ஓம் என்பது ஒலி மின்சாரத்துக்குரிய அளவு. மீட்டர் காட்டுவது உள்ளிருக்கும் சுருளின் மின்தடை மட்டுமே. ஒன்றும் காட்டாவிட்டால் சுருள் அறுந்துவிட்டது. 100 வோல்ட்டு மின்மாற்றி பூட்டிய ஒலிபெருக்கியில், மின்மாற்றிச் சுருளின் தடையே தெரியும். அதை வாட் கணக்கோடு ஒப்பிட வேண்டாம்; அறுந்துள்ளதா, ஒட்டியுள்ளதா என்பதை மட்டும் காண்க.

6. மின்மாற்றி இல்லாத ஒலிபெருக்கியின் சிவப்பு முனையில் மின்கலத்தின் நேர்முனையையும், கறுப்பு முனையில் எதிர்முனையையும் ஒரு நொடி மட்டும் தொட்டு எடுங்கள். காகிதக் கூம்பு முன்னோக்கி அசைந்தால் குறியீடு சரி. பின்னோக்கி அசைந்தால் முனைகள் மாறியுள்ளன. ஒரே கூடத்திலுள்ள இரண்டு ஒலிபெருக்கிகளுள் ஒன்று மட்டும் மாறியிருந்தால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். மத்தளத்தின் ஒலியும் ஆழ்ந்த குரலும் மெலிந்துபோகும். கருவியில் குறை என்று எண்ணிப் புதிதாக வாங்கச் செல்லுமுன் இதைச் சோதித்தல் நன்று.

7. எல்லாவற்றையும் பூட்டியபின், ஆம்ப்ளிபையர் இருக்கும் முனையில் மொத்தக் கம்பியையும் ஒருமுறை அளந்து பாருங்கள். பூச்சியத்தை ஒட்டிய எண் வந்தால் ஆம்ப்ளிபையரை இணைக்க வேண்டாம். அறை அறையாகக் கழற்றிக் குற்றமுள்ள வழியைக் காணுங்கள்.

8. இப்போது ஆம்ப்ளிபையரை இணைத்து, ஒலியை மிகக் குறைவாக வைத்துத் தொடங்குங்கள். ஒருவர் அறை அறையாகச் சென்று கேட்டு வரட்டும். பிறகு சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஒரு மணி நேரம் சென்றபின் ஆம்ப்ளிபையரின் மேற்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு. கை வைக்க முடியாத சூடாயின் உடனே நிறுத்திக் கணக்கை மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

9. எந்த அறைக்கு எந்தக் கம்பி, எத்தனை வாட், எத்தனை ஓம் காட்டியது என்பதை ஒரு தாளில் எழுதி ஆம்ப்ளிபையரின் அருகில் ஒட்டிவையுங்கள். ஓராண்டு கழித்து ஓர் அறை மௌனமானால் அந்தத் தாளே வைத்தியரைப் போல் நோயைச் சொல்லும்.

எல்லை அறிதல்

ஒலிக்கம்பியை நாமே பூட்டிக்கொள்ளலாம். ஆனால் ஆம்ப்ளிபையருக்குப் புதிதாக ஒரு மின்சாரச் சாக்கெட்டுத் தேவைப்பட்டால் அது நம் வேலையன்று. 2008ஆம் ஆண்டு சனவரி முதல் நம் வீட்டு மின்சாரத்தின் அளவு 230 வோல்ட்டு என வகுக்கப்பட்டுள்ளது. அதற்கு முன் 240 வோல்ட்டாக இருந்தது. இரண்டுமே உயிரைப் பறிக்கவல்லவை. அத்தகைய வேலையைத் தகுதிச் சான்றிதழ் பெற்ற ஒயர்மேனிடமே ஒப்படைக்க வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் விசை விழாவிட்டால் அது நம்மைக் காக்காது. உடனே மாற்றச் சொல்ல வேண்டும். அது நன்றாக இருந்தபோதிலும், 100 வோல்ட்டு ஒலிக்கம்பியின் இரு முனைகளையும் ஒருசேரத் தொட்டவரை அது காப்பாற்றாது என்பதையும் நினைவில் வைத்தல் வேண்டும்.

இவ்வேலையில் ஆர்வம் கொள்ளும் இளைஞர்களும் இளம்பெண்களும் இதை வெறும் பொழுதுபோக்காகக் கருத வேண்டியதில்லை. ஓம் கணக்கையும் மல்டிமீட்டரையும் கற்றுக்கொண்ட கை, முறையான பயிற்சி பெற்றால் ஒரு தொழிலுக்குரிய கையாகும். மனிதவள அமைச்சின் கீழ் இயங்கும் தொழிற்பயிற்சிக் கழகங்களில் மின்சாரத் துறைப் பயிற்சிகள் நடத்தப்படுகின்றன. பெற்றோர்கள் அவற்றைப் பற்றி விசாரித்தறிந்து பிள்ளைகளுக்கு வழிகாட்டலாம்.

தீபாவளிக்கு முன் ஆம்ப்ளிபையரை இழந்த வீட்டைப் பற்றி மேலே சொன்னோம். அதே இளைஞர் மறு ஆண்டு அதே வீட்டில் 100 வோல்ட்டு முறையில் கம்பி பூட்டினார். இம்முறை தாளில் கணக்குப் போட்ட பிறகே கம்பியைத் தொட்டார். இப்போது கூடத்தில் மெல்லிய ஒலி. படிக்கும் அறையில் அமைதி. பின்னறையில் பாட்டி தம் கைக்கெட்டிய திருகைத் தாமே திருப்பிச் செய்தி கேட்கிறார். ஒலியைக் கூட்டச் சொல்லி அவர் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. அடுத்த வீட்டாரின் உறக்கமும் கெடுவதில்லை.